செப்டம்பர் கூபிக்

எங்கள் ஹார்லோ கவுண்டியில் எதையாவது காலம் கடந்து செய்தால் அதற்குப் பெயர் செப்டம்பர். பூச்சி தின்று தீர்த்த பிறகு மருந்து அடித்தால் அது செப்டம்பர் மருந்து. ஐம்பது வயதில் ஒருவன் கல்யாண மோதிரத்தோடு அலைந்தால் அவன் செப்டம்பர் மாப்பிள்ளை. என் அப்பா தீவன லாரி ஓட்டுகிறவர். பள்ளிப் பேருந்தை நான் தவறவிட்ட நாளெல்லாம் லாரிக் கதவைத் திறந்துகொண்டே, "ஏறுங்க செப்டம்பர்" என்பார். அகராதியில் இருக்கிற சொல் என்றே நினைத்திருந்தேன். லிங்கன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படிக்கப் போன முதல் வருடம் ஒரு வகுப்பில் எழுந்து, "அது செப்டம்பர் உரம் சார், போட்டும் பிரயோஜனம் இல்லை" என்றேன். பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏன், ஆகஸ்ட்டில் போட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் காதை விட்டுப் போகவில்லை.

பாடகர் வெர்லின் கூபிக் எங்கள் ஊர்க்காரர் என்று எனக்குத் தெரியும். அவருடைய 'ஈர வரிசை' பாட்டும் தெரியும். அமெரிக்காவில் ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும் மளிகைக் கடைக்குள் நுழைந்த எவருக்கும் அது தெரியும். ஆனால் அந்தப் பாட்டையும் எங்கள் ஊர்ச் சொல்லையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. பட்டம் வாங்கி ஊர் திரும்பி, கவுண்டி வேளாண் விரிவாக்க அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தோன்றியது.

சேர்ந்த இரண்டாம் மாதம், பொருட்காட்சிக் கமிட்டித் தலைவி வில்மா என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். எழுபத்து நான்கு வயது. கையில் எப்போதும் ஒரு அட்டைப் பலகையும் பேனாவும் இருக்கும்.

"நீதானே படிச்சவன். வெர்லின் கூபிக்குக்கு ஒரு கடுதாசி எழுது. ஜூலை கடைசிச் சனிக்கிழமை பொருட்காட்சியில வந்து பாடச் சொல்லு."

"உங்க சொந்தத் தம்பிதானே. நீங்களே ஒரு போன் பண்ணினா…"

"எழுதுன்னா எழுது."

எழுதினேன். கீழே என் பெயரையும் பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் போட்டேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். அதற்கும் இல்லை.

ஜூன் மாதம் ஒரு காலையில் வெல்டன் ஊர் டயர் கடையில் அவரைப் பிடித்தேன். உயரமான, ஒல்லியான மனிதர். அவருடைய பழைய வேன் ஜாக்கியில் ஏறி நின்றது. அவர் வேனிலிருந்து சாலை வரைக்கும் நடப்பார், திரும்பி வருவார், மறுபடி சாலைக்குப் போவார். சுவரோரம் தலைகீழாகக் கவிழ்த்த வாளியில் ஒரு குண்டு மனிதர் உட்கார்ந்து இரண்டு விரலால் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மார்வ் டெட்டமர். நாற்பத்து நான்கு வருடமாக வெர்லினுக்கு டிரம்ஸ் வாசிப்பவர், குளிர்காலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்.

"நீங்க வெர்லின் கூபிக்தானே?"

"டயர் மாத்தி முடிக்கிற வரைக்கும்."

"நான் லேன் பார்ட்டாக். பொருட்காட்சிக் கமிட்டியிலேருந்து ரெண்டு கடுதாசி போட்டிருந்தேன்."

"ஓ, அதுவா. பேருக்குப் பின்னாடி நாலஞ்சு எழுத்து வரிசை கட்டி நின்னுச்சே. அதெல்லாம் உன்னோட ஆளுங்களா?"

"அது பட்டம் சார்."

வாளியில் இருந்த மார்வ் தாளத்தை நிறுத்தாமலே சொன்னார்: "நம்ம ஆளுக்கும் ஒரு பட்டம் உண்டு தம்பி. பரீட்சை எழுதாமலே ஊரு குடுத்தது."

வெர்லின் சிரிக்கவில்லை. சாலைக்குப் போய்த் திரும்பி வந்தார்.

"பொருட்காட்சி என்னைக்கு?"

"ஜூலை இருபத்தொம்பது."

"அன்னைக்கு எனக்கு வேற ஊரு."

"எந்த ஊரு சார்?"

"இன்னும் முடிவு பண்ணல."

டயர் மாற்ற இரண்டு மணி நேரம் ஆகும் என்று கடைக்காரர் சொன்னதால் மூவரும் எதிர்க் கடைக்குப் போனோம். மார்வும் நானும் சில்லி என்கிற காரமான இறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் வாங்கி உட்கார்ந்தோம். வெர்லின் தட்டைக் கையில் ஏந்தி ஜன்னலோரம் நின்றபடி சாப்பிட்டார், பாதி ரொட்டியில் வைத்துவிட்டு வேனைப் பார்க்கப் போய்விட்டார். மார்வ் அந்தப் பாதியை எடுத்துத் தன் சில்லியில் தோய்த்துக்கொண்டார்.

"இப்படித்தான். ரெண்டு பொண்டாட்டி. ரெண்டு பேருமே தங்கமான பொம்பளைங்க. ரெண்டாவது போறப்ப என்கிட்ட சொன்னா, மார்வ், நான் ஒரு ஆளைக் கட்டிக்கிட்டேன்னு நினைச்சேன், ஒரு வாசக்கதவைத்தான் கட்டியிருக்கேன்னு. வீட்ல அவன் பெட்டியைப் பிரிச்சு நான் பார்த்ததில்ல."

"எதுக்கு இந்த ஓட்டம்?"

"எல்லாம் ஒரு வார்த்தைக்காக."

அந்தக் கதையை மார்வ் சொல்லித்தான் முழுசாகக் கேட்டேன். எங்கள் பக்கத்தில் பன்னிரண்டு, பதிமூன்று வயதுக்கு மேல் எல்லாப் பிள்ளைகளும் ஒரு கோடையாவது விதைச் சோள வயலில் கொண்டை கிள்ளியிருப்பார்கள். பெண் வரிசையில் இருக்கும் மக்காச்சோளச் செடியின் உச்சிக் கொண்டை மகரந்தம் உதிர்க்கும் முன் அதைக் கிள்ளி எறிய வேண்டும். பக்கத்து ஆண் வரிசையின் மகரந்தம் மட்டும் சேர்ந்தால்தான் கலப்பின விதை கிடைக்கும். ஜூலையில் இரண்டு, மூன்று வாரம்தான். விடியலில் பேருந்து வரும். இலையெல்லாம் பனி. குப்பைப் பையில் ஓட்டை போட்டுச் சட்டை மாதிரி மாட்டிக்கொண்டுதான் வரிசைக்குள் இறங்க முடியும். ஒன்பது மணிக்கு வெயில் ஏறினால் நனைந்த உடம்பில் இலை அறுத்த இடமெல்லாம் எரியும். வெர்லினுக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது அவருடைய குழுவை மேய்த்தவர் அக்கா வில்மா. தலையை எண்ணி ஏற்றுவதும், விட்ட கொண்டைக்குத் திட்டுவதும், திரும்ப எண்ணி இறக்குவதும் அவர் வேலை.

'ஈர வரிசை' அந்தக் கோடையைப் பற்றிய பாட்டு. வெர்லின் அதை எழுதியபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு. மாமாவின் போல்கா நடன இசைக் குழுவில் தொடங்கி, பிறகு சொந்தக் குழுவில், பன்னிரண்டு வருடம் மதுக்கடை மதுக்கடையாகப் பாடிக் களைத்திருந்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. பாட்டின் முதல் வரி, 'ஜூலை விடியலில் கொண்டை கிள்ளினோம், முழங்கால் வரை பனி' என்று இருந்தது. பதிவு அறையில் இருந்த தயாரிப்பாளர் பாட்டை நிறுத்தினார்.

"அந்த ஆளு சொன்னான், ஜூலைன்னா சுதந்திர தினப் பட்டாசு ஞாபகம் வருது, செப்டம்பர்னா நெஞ்சு வலிக்குது, மாத்துன்னு" என்றார் மார்வ். "வெர்லின் என்னைப் பார்த்தான். நான் ஸ்டிக்கைப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தைதானேன்னு மாத்திப் பாடிட்டான்."

பாட்டு நாடு முழுக்க ஓடியது. கோடிப் பேருக்கு நெஞ்சு வலித்தது. எங்கள் கவுண்டியில் மட்டும் கூட்டுறவுத் தானியக் கிடங்கின் வானொலியில் முதல் வரி வந்ததும் ஒருவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "செப்டம்பர்ல எவன்டா கொண்டை கிள்ளுவான்?" கொண்டை காய்ந்து, மகரந்தம் கொட்டி, மணி முற்றிக் கல்லாகி, அறுவடை இயந்திரத்துக்கு எண்ணெய் போடுகிற மாதம் அது. செப்டம்பரில் கிள்ளினால் அந்த விதைக் கம்பெனி கடையை மூடிக்கொண்டு போக வேண்டியதுதான். சோளத்தைக் கண்ணால் பார்க்காதவன் எழுதியிருந்தால் மன்னித்திருப்பார்கள். ஆனால் இது கூபிக் வீட்டுப் பையன். வரிசையில் நடந்தவன்.

"அந்த வருஷம் நவம்பர்ல நன்றி நாள் விருந்துக்கு அவன் அம்மா வீட்டுக்குள்ள நுழையுறான். வில்மாதான் முதல்ல சொன்னா, வந்துட்டான்டா செப்டம்பர்னு. அவ சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா" என்றார் மார்வ். "மத்தவங்க சிரிக்காம சொல்ல ஆரம்பிச்சாங்க."

அடுத்த வருடம், எண்பத்தைந்தில், பொருட்காட்சியில் பாட வந்தார். அன்று காலையில் கிள்ளிய கொண்டைகளை ஊர்க்காரர்கள் கோணிப் பையில் கொண்டுவந்திருந்தார்கள். முதல் வரி வந்ததும் பார்வையாளர் மேடை மொத்தமும் "ஜூலை" என்று கத்தியது. கொண்டைகள் பறந்து வந்து விழுந்தன. வெர்லின் கிதாரைக் கழற்றி வைத்துவிட்டு, நடுப்பாட்டில் இறங்கி, வேனில் ஏறிப் போனவர்தான். அதன் பிறகு பதின்மூன்று இசைத்தட்டுகள். பெரிய கம்பெனி கைவிட்ட பிறகு தானே பதிவு செய்து வேனின் பின்கதவில் வைத்து விற்றவை. ஹவாய் தவிர எல்லா மாநிலத்திலும் பாடியாகிவிட்டது. வீட்டிலிருந்து பொருட்காட்சித் திடல் பன்னிரண்டு மைல். அங்கே மட்டும் முப்பத்தெட்டு வருடமாகப் போகவில்லை.

"அவனுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அந்தப் பாட்டை இந்த ஊர்ல முதல்லேருந்து கடைசி வரைக்கும் ஒரு தடவை பாடி முடிக்கணும். அதைத் தவிர மத்த எல்லாத்தையும் செஞ்சு பார்த்துட்டான்" என்றார் மார்வ்.

படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் சரிபார்க்காமல் விட முடியாது. அந்த வாரமே நூலகத்தில் எண்பத்தைந்தாம் வருடத்துச் செய்தித்தாள் தொகுப்பை எடுத்துப் புரட்டினேன். பொருட்காட்சிச் செய்தி இருந்தது. பன்றி, மாடு, ஊறுகாய்ப் பரிசுகளுக்குக் கீழே ஒரே வாக்கியம்: 'சனிக்கிழமை இசை நிகழ்ச்சி மழையால் பாதியில் முடிந்தது.'

எங்கள் அலுவலகத்தில் மழைப் பதிவேடு நாற்பதுகளிலிருந்து இருக்கிறது. ஜூலை 27, 1985-க்கு நேரே பூஜ்யம். அதற்கு முந்தைய ஆறு நாளும் பூஜ்யம்.

வில்மாவிடம் கேட்டேன். அவர் திடலில் கோழிக் கூடாரத்தை அளந்துகொண்டிருந்தார்.

"எண்பத்தஞ்சுல பேப்பருக்குச் செய்தி கொடுத்தது யாரு?"

"கமிட்டிச் செயலாளர்."

"அப்ப யாரு செயலாளர்?"

வில்மா அட்டைப் பலகையைப் பார்த்தபடியே சொன்னார்: "கூண்டுக்கு வலை பத்தாது போல. பின்னாடி கொட்டகையில எத்தனை சுருள் இருக்குன்னு எண்ணிட்டு வா."

இரண்டு பக்கத்தையும் பிரதி எடுத்துக்கொண்டு வெர்லின் வீட்டுக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. அவர் முற்றத்தில் நின்ற வேனுக்குள் படுத்திருந்தார், கதவைத் திறந்து போட்டு, காலை வெளியே ஆட்டிக்கொண்டு.

"சார், வீட்டுக்குள்ள படுக்கலாமே."

"உள்ள சத்தமே இல்லடா காலேஜு. எப்படித் தூங்குறது?"

காகிதங்களைக் கொடுத்தேன். செய்தித்தாளைப் படித்தார். பதிவேட்டைப் படித்தார். கால் ஆட்டுவது நின்றது.

"மழை இல்ல."

"ஒரு சொட்டு இல்ல."

"திடல் நிறைய ஆளுங்க இருந்தாங்களே. எல்லாரும் பார்த்தாங்களே."

"வீட்டுக்கு வீடு மழைமானி இருக்கு. பொய்யுன்னு எல்லாருக்கும் தெரியும்."

"ஒருத்தனும் கேக்கலையா?"

"அடுத்த ரெண்டு மாசப் பேப்பரையும் பார்த்துட்டேன். ஒரு கன்னுக்குட்டிக்குத் தப்பான கலர் ரிப்பன் குடுத்ததுக்கு மூணு பேரு சண்டை போட்டு எழுதியிருக்காங்க. மழையைப் பத்தி யாரும் ஒரு வரி எழுதல."

அவர் எழுந்து வேனை ஒரு சுற்று சுற்றினார். இன்னொரு சுற்று. ஒரு மாதப் பெயரைத் தப்பாகச் சொன்னதற்கு ஒருவனை ஓட ஓட விரட்டிய ஊர், பெய்யாத மழையைப் பற்றி வாயே திறக்கவில்லை. மூன்றாவது சுற்றில் நின்றார்.

"எழுதிக் குடுத்தது எங்கக்காவா?"

"கோழிக்கூண்டு வலையை எண்ணச் சொன்னாங்க."

"அப்ப அவதான்." காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "எத்தனை மணிக்குப் பாடணும்?"

"நாலு மணி. ஏழு மணிக்கு டிராக்டர் இழுவைப் போட்டி. அதுக்குத்தான் கூட்டம் வரும்."

"நல்ல மரியாதை" என்றார்.

அன்று தொண்ணூற்றாறு டிகிரி வெயில். மூன்று மணிக்கே மேடைக்குப் பின்னால் வேனை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், அதைச் சுற்றி நடக்கத் தொடங்கிவிட்டார். மார்வ் போய் எஞ்சினை அணைத்து, சாவியை டிரம் பைக்குள் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

"சாவியைக் குடு மார்வ்."

"பாடிட்டு வாங்கிக்க."

"இன்னைக்கு நான் சரியாப் பாடப் போறேன். ஜூலைன்னு. எழுதினபடி."

"நீ எந்த மாசத்தை வேணா பாடு. நான் நாலு தட்டுத்தான் தட்டப் போறேன்."

ஏழெட்டுப் பாட்டுகள் போயின. ஜனங்கள் தொப்பியால் விசிறிக்கொண்டு கேட்டார்கள். கைதட்டல் இருந்தது, அளவாக. அவர் குரலில் மேல் சுருதி போய்விட்டிருந்தது. எட்டாத இடத்தில் பேசிக் கடந்தார். ஆனால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மைக் கம்பி எட்டுகிற தூரமெல்லாம் போய் வந்தார்.

பிறகு 'ஈர வரிசை'. கிதாரின் முதல் தட்டிலேயே திடல் அடங்கியது. வெர்லின் கண்ணை மூடி, தெளிவாக, "ஜூலை" என்றார்.

"செப்டம்பர்" என்றது பார்வையாளர் மேடை.

ஆயிரம் தொண்டையிலிருந்து வந்தது. கேலியாகக்கூட இல்லை, இசைத்தட்டில் இருக்கிறபடி, ராகத்தோடு. அவர் பாட்டை நிறுத்திவிட்டார். மார்வ் மட்டும் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு என்னதான் வேணும்?" வெர்லின் மைக்கில் கேட்டார். "முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி இதே இடத்துல ஜூலைன்னு கத்துனீங்க."

நடு வரிசையிலிருந்து ஒரு பெரியவர்: "அப்ப நீ செப்டம்பர்னு பாடுன."

"இப்ப ஜூலைன்னு பாடுறேன்."

"தட்டுல அப்படி இல்லையேப்பா."

சிரிப்பு. வெர்லின் பக்கவாட்டுப் படியைப் பார்த்தார். அதன் வழியாகத்தான் அன்று இறங்கிப் போனார். படியின் கீழே வில்மா நின்றார், அட்டைப் பலகையோடு.

"வெர்லின்" என்றார் வில்மா. மைக் இல்லாமலே கேட்டது. "அது இப்ப எங்க வார்த்தை. இத்தனை வருஷமா நாங்க புழங்குறோம். நீ பாட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டா, நாளைக்கு எங்க பிள்ளைங்க லேட்டா வந்தா என்னன்னு திட்டுறது?"

"கொண்டை ஜூலையிலதான் கிள்ளுனோம் வில்மா. நீதானே எங்களைப் பஸ்ல ஏத்திட்டுப் போன."

"தெரியும்டா. பதினெட்டு நாளு உன் தலையை எண்ணுனவ நான். பாடு."

அவர் பாடவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். ஒரு துண்டு மேகம் கிடையாது.

"மழை வரும் போல இருக்கா?" என்று மைக்கில் கேட்டார்.

இளைஞர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஐம்பது தாண்டியவர்கள் எல்லாரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள்.

"வரல" என்றார் வில்மா. "முடிச்சிட்டு இறங்கு."

வெர்லின் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அந்த இடம் வந்ததும் மைக்கிலிருந்து அரையடி பின்னால் நகர்ந்தார். ஊர் செப்டம்பர் என்று பாடியது. அவர் வாயும் அசைந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஜூலைதான் என்று மார்வ் அடித்துச் சொல்கிறார். நான் மேடைக்குப் பக்கத்தில்தான் நின்றேன், எனக்குத் தெரியாது. பாட்டு மூன்று சரணமும் தாண்டி, கடைசித் தட்டு வரைக்கும் போய் முடிந்தது.

இன்னொரு பாட்டு கேட்டார்கள். பாடவில்லை. வரிசையில் நின்று பன்றி இறைச்சி ரொட்டி வாங்கி நின்றபடியே சாப்பிட்டார். சுற்றிப் பத்துப் பேர் சேர்ந்தார்கள். ஒருவர், "உன் மூணாவது தட்டுல ஒரு டிராக்டர் வருதே, அந்த மாடல்ல சிவப்பே கிடையாது" என்றார். இன்னொருவர் ஒரு பாலத்தின் பெயரைத் திருத்தினார். வெர்லின் மென்றுகொண்டே கேட்டார். அவர் கால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. வில்மா வந்து ஒரு காகிதத் துண்டை நீட்டி, "வாயைத் துடை" என்றார். துடைத்தார்.

"இருந்து டிராக்டர் இழுவையைப் பார்த்துட்டுப் போயேன்" என்றார் வில்மா.

"நாளைக்குக் கான்சாஸ்ல இருக்கணும்."

"எந்த ஊரு?"

இந்த முறை ஊர்ப் பெயரைச் சொன்னார். ஆறு மணிக்கு மார்வ் சாவியைக் கொடுத்தார். டிராக்டர்கள் உள்ளே வருகிற வாசல் வழியாக வேன் வெளியே போனது.

வெர்லின் கூபிக்குக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. வருடத்தில் நூற்றுப் பத்து நாள் பாடுகிறார். வீட்டில் இருக்கும் நாட்களில் இன்னும் வேனில்தான் படுக்கிறார். இந்த வருடமும் ஜூலை கடைசிச் சனிக்கிழமை ஹார்லோ கவுண்டிப் பொருட்காட்சியில், நாலு மணிக்கு, டிராக்டர் இழுவைக்கு முன்னால் அவர் நிகழ்ச்சி. இதை எழுதும் வாரம் அவரும் மார்வும் தெற்கு டகோடாவில் இருக்கிறார்கள்.